கல்கட்டிடமும் கீற்றுக் கொட்டகையும்

தமிழ் நாடகத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் ஆசிரியர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நடிகர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கம்பெனிகளின் பெயர்களையும் அவை உடைந்த வருஷங்களையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடகம் எந்தக் கூரைக்குக் கீழே நடந்தது என்பது மட்டும் போகிற போக்கில் சொல்லப்படுகிற ஒரு தகவலாகவே நின்றுவிட்டது. கூரை நாடகத்தை என்ன செய்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. லோயர் கேம்ப்பில் உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க வழியில்லை. இங்கே மற்ற எல்லாவற்றுக்கும் கட்டிடம் இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் தெற்கு முனையில், கூடலூரைத் தாண்டி, குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்குகிற இடம் இது. மலையைக் குடைந்து திருப்பிவிட்ட பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்து இறங்குகிறது. 1950-களின் கடைசியிலிருந்து அந்தத் தண்ணீர் குழாய்களில் விழுந்து மின்சாரமாகிறது. அணை கட்டிய பென்னிகுயிக்குக்கு 2013 ஜனவரியில் மணிமண்டபம் திறந்தார்கள். அணை, சுரங்கம், குழாய், மின்நிலையம், மண்டபம் எல்லாமே நிரந்தரத்தை உத்தேசித்துக் கட்டியவை. ஊரின் பெயர் மட்டும் முகாம். நாடகத்துக்கு வந்தால் இந்தக் கணக்கு தலைகீழ். நான் இந்தப் பக்கத்தில் பார்த்த நாடகங்கள் எல்லாம் சாயங்காலம் கட்டி மறுநாள் காலை அவிழ்த்துவிடுகிற மேடைகளில் நடந்தவை. ஆனால் அந்த மேடைகளில் நடந்த வள்ளி திருமணம் அணையை ஒத்த வயதுடையது. முகாமில் தங்கி நூறு வருஷம் ஓட்டிவிட்ட கலை அது.

அணைக்கான ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு கையெழுத்தானது. 999 வருஷக் குத்தகை. ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய். 1887-இல் தொடங்கிய வேலை முடிந்து, 1895 அக்டோபர் 10-இல் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்த கட்டுமானம். அந்தச் சுண்ணாம்பு மலையடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கி மேலே ஏறியது. சரியாக அதே வருஷங்களில், அதே மாகாணத்தின் தலைநகரில், அதே சுண்ணாம்பால் இன்னொரு கட்டிடம் எழுந்துகொண்டிருந்தது. அதற்கும் குத்தகைதான், 99 வருஷம், கிரவுண்டுக்கு எட்டணா. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹால் அது. தமிழ் நாடகத்துக்குக் கல்கட்டிடம் என்று ஒன்று வாய்த்தது என்றால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அது நாடகத்துக்கென்று கட்டப்பட்டதல்ல. இது முக்கியம். 1880-களின் ஆரம்பத்தில் சென்னைப் பிரமுகர்கள் கூடி, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இருப்பதுபோல் நமக்கும் ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நகரசபை பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்ட் கொடுத்தது. 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி அடிக்கல் நாட்டினார். பிறகு ராணியின் பொன்விழா வந்து, ஹாலுக்கு ராணியின் பெயர் ஒட்டிக்கொண்டது. வரைபடம் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டி. சிஷோம் மதுரையில் திருமலை நாயக்கர் மஹாலைப் பழுதுபார்க்கிற வேலையிலும் ஈடுபட்டவர். சிவப்புச் செங்கல், வளைவுகள், அவற்றுக்கு மேலே ஒரு சதுர கோபுரம், கோபுரத்துக்குத் திருவிதாங்கூர்ப் பாணியில் ஒரு கூரைத் தொப்பி. உள்ளே கீழ்த்தளத்தில் சுமார் அறுநூறு பேரும், கிழக்குப் பக்கம் மர கேலரியில் இருநூறு பேரும் உட்காரலாம். பிரசங்கம், கூட்டம், கச்சேரி, நாடகம் எது வேண்டுமானாலும் நடத்தலாம். 1897-இல் விவேகானந்தர் இங்கே பேசினார். சென்னையின் முதல் சலனப்படக் காட்சிகளும் ஏறக்குறைய அந்த நேரத்தில் இங்கேதான் நடந்தன. சினிமா நாடகத்தை விழுங்கியது என்று சொல்கிறவர்கள், இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் ஆரம்பித்தன என்பதைக் கவனிப்பதில்லை.

1891-இல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் சரஸ விநோதினி சபையார் வந்து இந்த ஹாலில் தெலுங்கு நாடகங்கள் ஆடினார்கள். அதைப் பார்த்துத்தான் தமக்கு நாடகத்தின்மேல் இருந்த அருவருப்பு நீங்கியதாகப் பம்மல் சம்பந்த முதலியார் தமது நாடக மேடை நினைவுகளில் எழுதியிருக்கிறார். அதே வருஷம் ஜூலையில் சுகுண விலாஸ சபை பிறந்தது. அருவருப்பு என்ன, அது எதனால் நீங்கியது என்பதை யோசிக்க வேண்டும். ஆடியவர்கள் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் என்பதை முதலியாரே சொல்கிறார். நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன்: ஆடிய இடம். நாற்காலி வரிசை, கட்டிய சுவர், வாசலில் கோச்சு வண்டிகள். கீற்றுக் கொட்டகையில் அதே நாடகத்தை அதே ஆட்கள் ஆடியிருந்தால் ஒரு கல்லூரி மாணவன் உள்ளே நுழைந்தே இருக்கமாட்டான். கட்டிடம் நாடகத்துக்கு முதலில் கொடுத்தது கௌரவத்தை. கலை பிறகுதான் வந்தது.

வக்கீல்களும் அதிகாரிகளும் பகலில் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஒத்திகைக்கு வந்த சபை அது. சத்தியமூர்த்தி அதில் நடித்திருக்கிறார். ஸ்திரீ வேஷத்துக்கு ரங்கவடிவேலு என்ற நடிகர் புகழ்பெற்றிருந்தார். மறுநாள் கோர்ட்டுக்குப் போகவேண்டியவர்கள் விடிய விடிய ஆடமுடியாது, பார்க்கவும் முடியாது. ஆகவே நாடகம் சில மணி நேரங்களுக்குள் முடிந்தாக வேண்டும். பாட்டு குறைந்தது, வசனம் நீண்டது. ஷேக்ஸ்பியரைப் படித்தவர்கள் காட்சி பிரித்து எழுதினார்கள். 1895-இல் மேடையேறிய மனோஹராவின் வசன கம்பீரம் ஒரு செங்கல் ஹாலின் கம்பீரம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நேர்க்கோட்டில் பார்க்கிற ஒருவனுக்கு எழுதப்பட்ட நாடகம் அப்படித்தான் இருக்க முடியும்.

இதே காலத்தில் மதுரையைச் சுற்றி என்ன நடந்தது?

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். சம்பந்த முதலியாரைவிட ஆறு வயது மூத்தவர். இருபத்துநாலாவது வயதில் நாடகத்துக்கு வந்தார். சம்பந்த முதலியார் சபை ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதே வருஷம். எமன், சனீஸ்வரன், இரணியன் என்று வேஷம் கட்டியவர் பிறகு வேஷத்தை விட்டுவிட்டு ஆசிரியரானார். அவருக்கு 57 கிரவுண்ட் யாரும் கொடுக்கவில்லை. 1918-இல் மதுரையில் அவர் ஆசிரியராக இருந்து தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி. கே. ஷண்முகம் பின்னாளில் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படித்தால், ஊர் ஊராகக் கம்பெனி நகர்ந்த விதம் தெரியும். ஒரு ஊரில் கூட்டம் வருகிற வரைக்கும் கொட்டகை. வசூல் படுத்தால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

கொட்டகை என்பது என்ன? தென்னங்கீற்று அல்லது பனையோலை வேய்ந்த கூரை, மூங்கில், சவுக்குக் கம்பம், பக்கங்களில் கீற்றுத் தட்டி. மேடைக்கு மண் கொட்டி மேடாக்குவார்கள், அல்லது பலகை போடுவார்கள். முன்னால் மணல் தரை, அதற்குப் பின் பெஞ்சு, நாற்காலி என்று காசுக்குத் தக்க இடம். பார்சிக் கம்பெனிகள் கொண்டுவந்த தீட்டிய படுதாக்கள்தான் கொட்டகையில் இருந்த ஒரே விலையுயர்ந்த பொருள். தெருப் படுதா, காட்டுப் படுதா, தர்பார் படுதா. அதாவது கட்டிடம் துணியில் தீட்டிச் சுருட்டி வண்டியில் ஏற்றப்பட்டிருந்தது. அரண்மனையையும் மதிலையும் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் போகலாம். செங்கல் ஹாலைச் சுருட்ட முடியாது.

கீற்றுக்கு ஒரு குணம் உண்டு. அது சப்தத்தைத் திருப்பித் தராது, உறிஞ்சிக்கொள்ளும். தட்டி இடுக்கு வழியாகக் குரல் கசிந்து வெளியே போய்விடும். மைக் இல்லாத காலத்தில் தரை டிக்கெட்டைத் தாண்டிக் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரவேண்டும் என்றால் உச்ச ஸ்ருதியில்தான் பாடவேண்டும். பேச்சு அவ்வளவு தூரம் போகாது, பாட்டு போகும். எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலைத் தெய்வீகம் என்று மாய்ந்து போகிறவர்கள் உண்டு. இருபத்தேழு வயதில் அவர் செத்துப்போனார். அந்தக் குரல் எந்தக் கூரைக்காக, எவ்வளவு தூரத்துக்காக எறியப்பட்டது என்று கேட்டால் அது நிந்தையாகிவிடாது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் ஏன் இத்தனை பாட்டு, ஏன் ஒரே விஷயத்தைப் பாட்டில் சொல்லி மறுபடி வசனத்திலும் சொல்ல வேண்டும் என்று நவீன விமர்சகர்கள் சலித்துக்கொள்கிறார்கள். பாட்டு பின்வரிசைக்கு, வசனம் முன்வரிசைக்கு என்று வைத்துப் பார்த்தால் அந்தச் சலிப்புக்கு இடமில்லை. இலக்கியப் பிரதியை மட்டும் மேஜையில் வைத்துக்கொண்டு நாடக விமர்சனம் செய்வதில் இருக்கிற கோளாறு இது.

சட்டத்துக்கு ஹாலும் கொட்டகையும் ஒன்றாகத்தான் தெரிந்தன. 1876-இல் வந்த நாடகச் சட்டம் வார்த்தையைக் கண்காணித்தது. 1888-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொதுக் கேளிக்கை இடங்கள் பற்றிய சட்டம் இடத்தைக் கண்காணித்தது. விக்டோரியா ஹால் எழுந்துகொண்டிருந்த அதே சமயம் பிறந்த சட்டம் அது. அடைப்புக்குள் கூட்டம் சேர்ந்தால் லைசென்ஸ் வேண்டும். கீற்றுக் கொட்டகை தீப்பிடிக்கும் என்பது உண்மை; சட்டத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் கொட்டகைக்கு லைசென்ஸ் என்பது, உள்ளே யார் என்ன பாடுகிறார்கள் என்பதன் மேலும் ஒரு பிடியாக அமைந்தது. 1920-களிலும் 30-களிலும் விசுவநாததாஸ் வள்ளி திருமணத்தில் முருகனாக நின்றுகொண்டு பாஸ்கரதாஸின் பாட்டைப் பாடியபோது, தினைப்புனத்துப் பறவை வெள்ளைக்காரனாகிவிட்டது. பிரதியில் அது இல்லை. அது இருந்தது அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கும் பாடகனுக்கும் நடுவே. 1940 டிசம்பர் கடைசி நாள் சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே அவர் உயிர் போயிற்று. பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளை அவருடைய பேரர் முருகபூபதி பதிப்பித்திருக்கிறார். மதுரை வட்டாரத்து நாடகம் எப்படி ஊர்விட்டு ஊர் போயிற்று என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சியம் குறைவு.

பேசும் படம் 1931-இல் வந்தது. பெரிய ஊர்களில் நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமாவுக்குத் திரும்பின. கிராமப்புறத்தில் டூரிங் டாக்கீஸ் வந்தது. அதே கீற்று, அதே மணல் தரை, அதே பெஞ்சு, அதே தற்காலிக லைசென்ஸ். நாடகக் கம்பெனியின் கட்டிடக் கலையைச் சினிமா அப்படியே சுவீகரித்தது, சொல்லையும் சேர்த்து. கம்பம் பள்ளத்தாக்கில் வயதானவர்கள் கொட்டகை என்று சொன்னால் இன்றைக்கு அதற்குச் சினிமா என்றுதான் அர்த்தம். நாடகம் கீற்றையும் இழந்துவிட்டது. கம்பெனியில் பயின்று வந்தவர்கள் படத்துக்குப் போனார்கள். அங்கிருந்து சட்டசபைக்கும் போனார்கள். 1962-இல் தேனி தொகுதி தேர்ந்தெடுத்த எஸ். எஸ். ராஜேந்திரன் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்தான்.

இந்த இடத்தில் சரித்திரம் முடிந்திருக்க வேண்டும். ஆசிரியர் இல்லை, கம்பெனி இல்லை, கொட்டகை இல்லை. ஆனால் ஸ்பெஷல் நாடகம் என்ற ஒன்று மிஞ்சியது. அது மிஞ்சிய விதத்தைப் போல விசித்திரமானது தமிழ்க் கலைகளில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். திருவிழாக் கமிட்டி தனித்தனியாக ஆளைப் பேசுகிறது. ஒத்திகை இல்லை, டைரக்டர் இல்லை. சில சமயம் வள்ளியும் முருகனும் முதல்முதலாகப் பார்த்துக்கொள்வதே ஒப்பனைக்கு உட்காருகிற இடத்தில்தான். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் எழும்பினால் விடிகாலையில் கல்யாணம். எல்லாம் தடங்கலின்றி நடக்கிறது.

எப்படி நடக்கிறது? பபூன் எப்போது வருவான், டான்ஸ்காரி எந்தப் பாட்டில் நுழைவாள், நாரதர் எவ்வளவு நேரம் பேசலாம், வள்ளி ஆலோலம் பாடி முடிந்ததும் ஆர்மோனியம் எந்த ஸ்ருதிக்குப் போகும், தர்க்கத்தில் யார் முதல் கேள்வி கேட்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் கட்டியது அதைத்தான். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர், அவற்றைச் சிறுவர்களின் தொண்டையில் கட்டிவிட்டுப் போனார். 1922 நவம்பரில் புதுச்சேரியில் அவர் இறந்தபோது எந்த ஊரிலும் சொந்தமாக ஒரு கொட்டகை விட்டுப்போகவில்லை. ஆனால் முன்பின் தெரியாத நாலு பேர் ஒரே இரவில் உள்ளே நுழைந்து இருட்டில் தடுமாறாமல் நடமாடுகிற மாதிரி ஒரு வீட்டை விட்டுப்போயிருக்கிறார். எங்கே தூண், எங்கே படி, எங்கே குனிய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். விக்டோரியா ஹாலில் இன்றைக்கு எத்தனை நாடகக்காரர்களுக்குப் படி எங்கே என்று தெரியும்?

அந்த ஹாலின் பிற்கதை சுருக்கமானது. சுகுண விலாஸ சபை 1930-களில் மவுண்ட் ரோட்டுக்குக் குடிபோயிற்று. 99 வருஷக் குத்தகை 1980-களின் மத்தியில் முடிந்தது. பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. ஹால் பல காலம் பூட்டிக் கிடந்தது. 2023-இல் மாநகராட்சி பெரிய செலவில் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கியது. பழைய செங்கல்லைக் காப்பாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காப்பாற்றப்படுவது சிஷோமின் கட்டிடம்; அதற்குள் நடந்த நாடகமல்ல. மனோஹராவே அந்த ஹாலைவிட்டு எப்போதோ கிளம்பி, டி. கே. எஸ். சகோதரர்கள் போன்ற தொழில்முறைக் கம்பெனிகளின் கொட்டகைகளில் போய்த்தான் ஊர் ஊராக வாழ்ந்தது.

இந்தப் பள்ளத்தாக்கில் நாடகத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேடையும் இருந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிப் பொதுக்கூட்டங்களில் ஆர்மோனியத்தோடு பாடினார். 1958-இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் அவர் பாடிய பாட்டுகள் பிரசித்தம். அவர் பின்னால் வாசித்துத் திரிந்த தம்பிகளில் ஒருவர் இளையராஜா. நாலு பலகையும் ஒரு மைக்கும் போதும் அந்த மேடைக்கு. ஆனால் இரவு முழுக்க ஜனங்களை ஒரு ஆர்மோனியத்தின் முன்னால் உட்காரவைக்கலாம் என்ற நம்பிக்கையை அது நாடகத்திடமிருந்துதான் வாங்கியது.

நவீன நாடகக்காரர்களான நமக்கு வருவோம். 1977-இல் கூத்துப்பட்டறை, அதே சமயத்தில் காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை, 1978-இல் மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம், சென்னையில் ஞாநியின் பரீக்ஷா; 1980-இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்துக்கு வந்து நடத்திய பட்டறை. அந்த நாட்களில் சிறுபத்திரிகைகளில் நாடகம் பற்றி நடந்த விவாதத்தில் இரண்டு குரல்கள் ஒரே வாயிலிருந்து வந்தன. புரோசீனியம் மேடையை உடை, வெளியே வா என்றது ஒன்று. எங்களுக்கு ஒரு அரங்கம் இல்லையே என்று புலம்பியது இன்னொன்று. கிடைத்தபோது எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஆடினோம். அது 1896-இல் வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்குக் கட்டிக்கொண்ட அரங்கம். அங்கே உட்கார்ந்து தெருக்கூத்தின் வீரியத்தைப் பற்றி வியந்தோம். ந. முத்துசாமி புரிசைக்குப் போனது தமிழ் நாடகத்துக்கு நேர்ந்த பெரிய நல்ல காரியம், அதை மறுக்கவில்லை. ஆனால் கூத்து கௌரவம் பெற்ற அளவுக்கு ஸ்பெஷல் நாடகம் பெறவில்லை. அது கலப்படம், ஆபாசம், ஆர்மோனியம் என்று ஒதுக்கினோம். சம்பந்த முதலியாருக்கு 1891-க்கு முன் இருந்த அருவருப்புதான் நமக்கும் இருந்தது. வார்த்தை மட்டும் மாறியிருந்தது.

கீற்றுக்குக் கீழே எல்லாம் சுகம் என்று கதை கட்டுகிற உத்தேசம் எனக்கில்லை. வீடில்லாமல் வாழ்வதை ஒரு தத்துவமாக்குவது வீடு உள்ளவன் செய்கிற வேலை. ஸ்திரீபார்ட்டாக வருகிற பெண்ணைப் பாருங்கள். மாலையில் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். ஒப்பனைக்கு மேடைக்குப் பின்னால் நாலு தட்டி. அந்தத் தட்டியில் இருக்கிற ஒவ்வொரு இடுக்குக்கும் ஒரு கண். கழிப்பிடம் யாரிடம் கேட்பது? விடிந்தபிறகு முதல் பஸ் வரும்வரை அரிதாரத்தைக் கழுவத் தண்ணீர் எங்கே? மேடைமேல் அவள் தர்க்கத்தில் முருகனை மடக்குவாள்; கைதட்டுவார்கள். கீழே இறங்கினால் அவளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். நாடகத்துக்குக் கட்டிடம் வேண்டுமா என்று கேட்டால், பின்பக்கத்துக்கு வேண்டும் என்பது என் பதில். சுவரும் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் பின்பக்கத்துக்கு. முன்பக்கம் எப்போதும்போலத் திறந்தே கிடக்கட்டும்.

வேடிக்கை என்னவென்றால் கட்டிடம் வந்துவிட்டது, நேர்மாறாக. தென்மாவட்டத்துக் கிராமங்களில் கோயிலுக்கு எதிரிலோ பக்கத்திலோ ஒரு கான்கிரீட் மேடை இருக்கும். நாடக மேடை என்றோ கலையரங்கம் என்றோ எழுதியிருக்கும். தொகுதி மேம்பாட்டு நிதியிலோ ஊர்ப் பணத்திலோ கட்டியது. நிதி ஒதுக்கியவர் பெயர் நாடகத்தின் பெயரைவிடப் பெரியதாக இருக்கும். இடுப்பளவு உயரத்துக்கு ஒரு தளம், மூன்று பக்கம் சுவர், மேலே தட்டையான கூரை, முன்னால் வெட்டவெளி. விக்டோரியா ஹாலைப்பற்றி எழுத நான் செலவழித்த இடத்தில் பாதியாவது இதற்குக் கொடுத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நாடகத்துக்கென்றே கட்டிய கட்டிடங்களில் எண்ணிக்கையில் அதிகமானது இதுவாகத்தான் இருக்கும். எந்தக் கட்டிடக்கலைப் புத்தகமும் இதைத் தொட்டதில்லை. பகலில் ஆட்கள் சீட்டு விளையாடுகிறார்கள், தானியம் காய்கிறது, கூட்டம் கூடுகிறது, மத்தியானம் நிழலுக்குப் படுக்கிறார்கள். திருவிழாவில் ஒரு இரவு நாடகம்.

நான் பார்த்தவற்றில் பலவற்றுக்குப் பின்சுவரில் கதவு கிடையாது. நடிகன் எங்கிருந்து வருவான் என்று வரைபடம் போட்டவர் யோசிக்கவில்லை; மேடை என்றால் பிரமுகர் முன்படி வழியாக ஏறி நாற்காலியில் அமர்கிற இடம் என்பதுதான் அவர் மனதில் இருந்த உருவம். டவுன் ஹால் கட்டியவர்கள் மனதில் இருந்ததும் அதுவேதான். ஆகவே சீன் செட்டுக்காரர்கள் வந்து, கான்கிரீட் மேடைக்குள்ளேயே கம்பு நட்டுப் படுதா கட்டி, அதற்குப் பின்னால் ஒரு ஆள் போக வழி விட்டு, தங்கள் பழைய கொட்டகையை அதற்குள் எழுப்பிக்கொள்கிறார்கள். ஒப்பனை அறை பக்கத்தில் கீற்றுத் தட்டிதான். சில ஊர்களில் கான்கிரீட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்துக் காலி நிலத்தில் தனியாக மேடை போடுகிறார்கள்.

வார்த்தையைக் கண்காணித்த சட்டம் போய்விட்டது. எம். ஆர். ராதாவை உத்தேசித்து 1954-இல் கொண்டுவந்த தமிழ்நாட்டு நாடகச் சட்டத்தை, ஞாநி போட்ட வழக்கில் 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. எழுதிய பிரதியை முன்கூட்டிக் கேட்கிற சட்டத்துக்கு, எழுதாமல் நடக்கிற ஸ்பெஷல் நாடகம் என்றைக்குமே ஒரு சங்கடம். ஆனால் இடத்தைக் கண்காணிக்கிற சட்டம் வேறு வடிவத்தில் வந்து சேர்ந்தது. 2000-இல் மத்திய அரசு போட்ட ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது. விலக்கு மூடிய கட்டிடங்களுக்கு: ஆடிட்டோரியம், மாநாட்டு அறை, சமுதாயக் கூடம், விருந்து மண்டபம். வருஷத்தில் பதினைந்து நாள் வரை மாநில அரசு நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்த்தலாம். விதியின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் நோயாளியும் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் பத்திலிருந்து ஆறு என்பது கடிகாரத்தில் வேறு எதுவுமல்ல, ஸ்பெஷல் நாடகத்தின் நேரம். சுவர் எழுப்பிக்கொண்டவர்கள் விடிய விடியப் பேசலாம். சுவர் இல்லாதவர்கள் பத்து மணிக்கு வாயை மூட வேண்டும். கான்கிரீட் மேடைக்கு மூன்று சுவர் இருக்கிறது; நாலாவது இல்லாததால் அது மூடிய கட்டிடமாகாது.

கமிட்டிகள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து ஏதோ ஒரு விதமாக அனுமதி வாங்கி நடத்துகின்றன. நோட்டீஸில் இரவு பத்து மணி என்றுதான் இன்னும் அச்சாகிறது. சில வருஷங்களுக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரில் நான் பார்த்த வள்ளி திருமணத்தில், தர்க்கம் தொடங்குகிற நேரத்தில் மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். குழல் விளக்குகள் மட்டும் எரிந்தன. ஆர்மோனியக்காரர் ஸ்ருதியை ஒரு கட்டை ஏற்றினார். வள்ளி மேடை விளிம்புக்கு வந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள் பாயைச் சுருட்டாமல் இழுத்துக்கொண்டே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.